பார்வை போன பிறகும் வீட்டைத் தானே துடைப்பேன் என்கிறார் அம்மா: வழி சொல்லுங்கள்

செந்தூல்காரன்
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரையால் விழித்திரை கெட்டு, லேசர், கண்ணில் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். கோலாலம்பூர் செந்தூலில் பழைய ஃபிளாட். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அம்மா தனி.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தவர், சும்மா உட்காரச் சொன்னால் கேட்பாரா? கூட்ட வேண்டும், மாப் போட வேண்டும், சாமி மேடை துடைக்க வேண்டும், பாத்ரூம் கழுவ வேண்டும் என்கிறார். அண்ணன், "விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பார்ப்பது? ஒன்றும் செய்யவிடாதே" என்கிறார். மனைவியோ, "செய்யட்டும், ஆனால் முறை தெரிந்து செய்யட்டும்" என்கிறாள். எனக்கு மனைவி சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

கண் தெரியாதவர்கள் உண்மையில் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? அழுக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பாவம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

ஆறுபுள்ளி
தம்பி, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பிரிக்பீல்ட்ஸில் தனியாகக் குடியிருக்கிறேன். போன் வாசித்துச் சொல்ல, சொல்லச் சொல்ல எழுதுகிறேன், பிழை இருந்தால் பழியைப் போன் மேல் போடுங்கள்.

அழுக்கு எங்கே என்று பெரும்பாலும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கண் உள்ளவர்கள் கறையைப் பார்த்து அந்த இடத்தைத் துடைக்கிறீர்கள். நான் இடம் முழுவதையும் துடைக்கிறேன், கறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் அம்மா பால் வெட்டியவர் என்றால் அவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஒரு மரமும் விடாமல் நிரை பிடித்துப் போவது போலத்தான் மேசையும் தரையும்.

மேசையை முதலில் காலி செய்யட்டும். எல்லாவற்றையும் ஒரு தட்டிலோ நாற்காலியிலோ வைத்துவிட வேண்டும், பொருள்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றித் துடைத்தால் கட்டாயம் இடம் விட்டுப்போகும். தூரத்து இடது மூலையில் தொடங்கி, வலது ஓரம் வரை நேராக ஒரு இழுப்பு. அடுத்த இழுப்பு முன்னதில் பாதியை மறுபடி தொட வேண்டும். துணி ஒரு கையில், வெறுங்கை பின்னாலேயே வரட்டும். பிசுபிசுப்போ நெருநெருப்போ தட்டினால் அந்த நிரையை இன்னொரு தடவை. கடைசி நிரையில் குப்பை தன் பக்க விளிம்புக்கு வந்திருக்கும், அங்கே கிண்ணத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாம்.

ஸ்ப்ரே எதுவானாலும் துணியில் அடிக்க வேண்டும், மேசையில் அல்ல. மேசையில் அடித்தால் எங்கே விழுந்தது என்று தேட வேண்டியிருக்கும். குழம்புச் சட்டிக்குள் விழுந்தாலும் தெரியாது.

கூட்டும்போது சுவரோரத்திலிருந்து உள்பக்கமாகச் சின்னச் சின்ன வீச்சு. அறையைச் சாமான்களை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்: சோபாவிலிருந்து டிவி மேசை வரை ஒரு பங்கு, அங்கிருந்து வாசல் வரை ஒன்று. குப்பையை எப்போதும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், என் வீட்டில் அது கதவு நிலைக்குப் பக்கம். பிளாஸ்டிக் முறத்தைவிட எனக்குப் பழைய செய்தித்தாள்தான் கைவசப்படும். ஓரத்தை நனைத்துத் தரையில் ஒட்டிவிட்டால் தூசி அடியில் நுழையாமல் தாளின் மேல் ஏறும், அப்படியே சுருட்டிப் போட்டுவிடலாம். முடித்த பிறகு வெறுங்காலால் ஒரு நடை நடந்தால் விட்டுப்போன இடம் பாதத்தில் தெரிந்துவிடும்.

மாப்: தூரத்துச் சுவரில் தொடங்கிப் பின்னால் வந்துகொண்டே வாசலில் முடிக்க வேண்டும், ஈரத்தில் மறுபடி கால் வைக்கவே கூடாது. வாளி நடுவில் நின்றால் அதில்தான் தடுக்கும். சுவரோரம், எப்போதும் ஒரே பக்கம். மாப்பை நன்றாகப் பிழிய வேண்டும். ஃபேனைப் போட்டுவிட்டு, புறங்கையால் தொட்டுக் காய்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும். அம்மா துடைத்த இடத்தை அவர் காதுபடவோ காதுபடாமலோ இன்னொரு தடவை துடைக்காதீர்கள். விட்டுப்போனால், "அடுப்புக்கு வலது பக்கம் எண்ணெய் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அவரே பார்த்துக்கொள்வார். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வையுங்கள். நாற்காலியை உள்ளே தள்ளுங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவில் நெற்றி இடிபடாத பார்வையற்றவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆயர்ஈத்தாம்_அக்கா
பினாங்கிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற நர்ஸ். ஆறுபுள்ளி சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, ஒன்றைத் தவிர. வெறுங்கால் வேண்டாம்.

தம்பி, அம்மாவுக்குக் கண் போனது சர்க்கரையால் என்கிறீர்கள். விழித்திரை அந்த அளவு கெட்டிருந்தால் பாத நரம்பும் மரத்திருக்க வாய்ப்பு அதிகம். தரையில் மணல் இருப்பது அவர் பாதத்துக்குத் தெரியாமல் போகலாம். கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாமல் போகலாம். கண்ணும் இல்லை, ரத்தக் கறையையும் பார்க்க முடியாது. சின்னக் கீறல் புண்ணாகி, விரல் எடுக்கிற வரை போன கதைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, அதிலும் நம் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். அதனால் இந்த இழையைப் படிக்கிற பாதி வீடுகளுக்கு இது பொருந்தும்.

வீட்டுக்குள்ளேயே மூடிய செருப்பு போடட்டும், அடிப்பாகம் வழுக்காததாக, குதிகாலில் பிடிப்பு உள்ளதாக. ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் வார்ச் செருப்பு) ஈரத்தில் வழுக்கும். இரவில் யாராவது ஒருவர் அவர் பாதத்தை விரலிடுக்கு வரை பார்த்துவிட வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மாப் போடக் கூடாது, வீட்டு வேலையும் உடற்பயிற்சிதான், சர்க்கரை சட்டென இறங்கும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

ஆறுபுள்ளி
அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்குச் சர்க்கரை இல்லை, என் பாதம் எனக்கு வேலை செய்கிறது. அம்மாவுக்கு உள்ளங்கை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு பங்கிலும் ஓரிரண்டு இடம் தடவிப் பார்த்தால் போதும். துடைப்பத்தின் சத்தமும் சொல்லும்: மணல் இருந்தால் சரசரவென்று கேட்கும், இல்லாவிட்டால் வெறும் உரசல்தான். வேக்கம் வைத்திருந்தால் குழாய்க்குள் கல் மணல் போவது டிக்டிக்கென்று கேட்கும், அது நிற்கும் வரை அந்த நிரையை விடக் கூடாது. கூட்டுகிற நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள்.

கெப்போங்_குமரன்
எல்லாரும் கோபப்படாதீர்கள், ஒரு கேள்வி. இவ்வளவு சிரமம் எதற்கு? மணிக் கணக்கில் ஆள் வந்து துடைத்துக் கொடுக்கிற காலம் இது. வாழ்நாள் முழுக்க உழைத்த அம்மாவுக்கு இனியாவது ஓய்வு கொடுப்பதுதானே பிள்ளைக்கு அழகு? என் மாமனாருக்கும் கண் மங்குகிறது, நாங்கள் ஒரு டம்ளர்கூடக் கழுவ விடுவதில்லை.

ஆறுபுள்ளி
குமரன், உங்கள் மாமனார் அதைக் கேட்டாரா?

ஆள் வைப்பதில் தப்பில்லை. நானே தீபாவளிக்கு முன்னால் ஆள் வைத்து மேல் அலமாரிகளைத் துடைக்கச் சொல்வேன். ஆனால் ஆள் வந்து போன மறுநாள் என் வீட்டில் உப்பு எங்கே, கத்தி எங்கே என்று நான்தான் தேடுவேன். பார்வை போனவருக்கு மிச்சம் இருப்பது தன் வீட்டின் வரைபடம். துடைக்கும்போதுதான் அது கைக்குள் வருகிறது. எதையும் தொடாமல் உட்கார வைத்தால், சொந்த வீட்டிலேயே விருந்தாளி.

கெப்போங்_குமரன்
கேட்கவில்லை. கேட்கிறேன்.

பட்டர்வொர்த்_வாத்தியார்
புட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. கூட்டுவதில் தப்பு நடந்தால் கொஞ்சம் தூசி மிஞ்சும், அவ்வளவுதான். புட்டி மாறினால் ஆஸ்பத்திரி.

பிரெய்ல் (தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) ஒட்டச் சொல்வது சுலபம். ஆனால் வயதான பிறகு, அதுவும் சர்க்கரையோடு பார்வை இழந்தவர்களுக்கு விரல் நுனி உணர்வும் குறைந்திருக்கும், ஆறு புள்ளியைப் பிரித்தறிவது கஷ்டம். என் ஆலோசனை ரப்பர் பேண்ட். நாசி லெமாக் பொட்டலத்தில் வந்தது எல்லார் வீட்டு அடுப்பங்கரையிலும் குவிந்து கிடக்கும். பாத்திரம் கழுவும் சோப்புக்கு ஒன்றும் வேண்டாம். தரைக்கு ஊற்றுவதற்கு ஒன்று. குளோரோக்ஸ் வெளுப்புத் திரவத்துக்கு இரண்டு, கழுத்தில் இறுக்கமாக. டாய்லெட் திரவத்துக்குப் பேண்டே தேவையில்லை, அதன் கழுத்து வளைந்திருக்கும், கை வைத்ததும் தெரியும். ஆனால் கடையில் வேறு பிராண்ட் மலிவாக இருக்கிறதென்று புட்டி வடிவத்தை மாற்றி வாங்கி வராதீர்கள். மினரல் வாட்டர் புட்டியில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீர்கள், இது கண் உள்ள வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்கவும் கூடாது. குளோரோக்ஸ் துணி துவைக்கும் இடத்தில், டாய்லெட் திரவம் பாத்ரூமில். இரண்டுக்கும் நடுவே கதவு ஒன்று இருக்கட்டும்.

ஸ்தாப்பாக்_சிவா
வாத்தியார் ரொம்பப் பயமுறுத்துகிறார். எங்கள் வீட்டில் டாய்லெட் திரவத்தையும் குளோரோக்ஸையும் சேர்த்து ஊற்றி அரை மணி விட்டால்தான் மஞ்சள் கறை போகும். கண் தெரியாதவர்களுக்கு இது இன்னும் வசதி, தேய்க்கவே வேண்டாம்.

பட்டர்வொர்த்_வாத்தியார்
ஐயா சிவா, தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். கறை நீக்கும் டாய்லெட் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரோக்ஸில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். அது காற்றைவிடக் கனமானது, ஜன்னல் சிறியதாக இருக்கும் ஃபிளாட் பாத்ரூமில் தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவர் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான். வினிகரோடு சேர்த்தாலும் அதே கதி. அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்த்தால் குளோராமின் என்ற வேறொரு நச்சு.

கண் எரிந்து இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே போக வேண்டும். மூச்சு முட்டினால் 999 அவசர எண்ணை அழைக்க வேண்டும். நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில்தான் தேசிய நச்சு மையம் இருக்கிறது, எதை எதோடு கலந்தோம் என்று சொன்னால் போனிலேயே வழி சொல்வார்கள்.

தம்பி, அம்மா கையில் குளோரோக்ஸே கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அன்றாட வேலைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

ஸ்தாப்பாக்_சிவா
இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று எழுத வந்தேன். மனைவி பின்னாலிருந்து படித்துவிட்டு, "அதனால்தான் எனக்கு இருமல்" என்கிறாள். நிறுத்திக்கொள்கிறேன்.

பத்மா_பாதிப்பார்வை
முழுக்கப் பார்வை போகாதவர்களும் இங்கே இருப்பார்கள், அவர்களுக்காக. எனக்கு நடுப்பார்வை இல்லை, ஓரப்பார்வை உண்டு. எனக்கு உதவுவது நிற வேறுபாடு. வெள்ளை மார்பிள் தரையில் வெள்ளை வாளி கண்ணிலேயே படாது, சிவப்பு வாளி வாங்கினேன். வெள்ளை சிங்க்கில் கண்ணாடி டம்ளரை வைக்கவே கூடாது. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வந்தால் பளபளப்புதான் தெரியும். பக்கவாட்டில் டார்ச்சைத் தரையோடு பிடித்தால் துணுக்கு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும், அந்த நிழலைத்தான் நான் கூட்டுகிறேன்.

செந்தூல்காரன்
அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்தேன். "நிரை" என்றதும் சிரித்துவிட்டார். செருப்பு விஷயத்தில் முகம் சுளிக்கிறார், சாமி மேடைப் பக்கம் செருப்போடு எப்படிப் போவது என்கிறார். நியாயமான கேள்விதான். குத்துவிளக்கு, பித்தளைத் தட்டு தேய்ப்பதையும் அவரே செய்ய வேண்டுமாம். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று மனைவி கேட்கிறாள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா
சாமி மேடைக்கு மட்டும் தனியாக, வெளியே போடாத, அடியில் ரப்பர் பிடிப்பு உள்ள தடித்த காலுறை. அந்த இடத்தை முதல் நாள் இரவே நீங்கள் கூட்டி வைத்துவிடுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

ஆறுபுள்ளி
சாமி மேடையில் வரிசை முக்கியம். திருநீறும் குங்குமமும் காய்ந்திருக்கும்போதே மென்மையான பிரஷால் தட்டில் தள்ள வேண்டும். ஈரத்துணி முதலில் பட்டால் குங்குமம் மேடை முழுக்கச் சிவப்பாகப் பரவும், அது கைக்குத் தெரியாது, வந்தவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு. விளக்கு முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இனிமேல் விளக்குகளை விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வைத்துவிட்டால் எண்ணெய் தட்டோடு நிற்கும்.

பித்தளைக்குப் புளிதான். ஆனால் எண்ணெய் இருக்கும்போது புளி பிடிக்காது. முதலில் பழைய தாளால் எண்ணெயைத் துடைத்து, சுடுதண்ணீர் சோப்பில் கழுவி, விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும் வரை விட வேண்டாம். பிறகு புளியை மேலிருந்து கீழாக, விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே. சித்திர வேலைக்குள் பழைய பல் பிரஷ். பளபளப்பு கையில் தெரியாது என்பது உண்மை. நிறம் ஒரே சீராக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை உங்களிடம் கேட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் வீடியோவில் யாரிடமாவது காட்டலாம்.

துணிகள் கலக்காமல் இருக்க மூலையில் பொத்தான் தைத்துவிடுங்கள். சாமித் துணிக்கு ஒன்று, அடுப்பங்கரைக்கு இரண்டு, பாத்ரூம் துணிக்கு மூலையையே வெட்டிவிடுங்கள்.

கண்ணாடி உடைந்தால், தனியாக இருக்கும்போது அம்மா அதைத் தொடவே வேண்டாம். நின்ற இடத்திலிருந்து சில்லு தெறிக்காத பக்கமாக மெதுவாக வெளியே வந்து, கதவை மூடிவிட்டு உங்களைக் கூப்பிடட்டும். நான் செய்வது வேறு: தடித்த காலணி, கையுறை, சுவரிலிருந்து நடுப்பக்கம் கூட்டி, அப்புறம் நன்றாக நனைத்த செய்தித்தாளை மடித்துத் தரையில் நிரை நிரையாக அழுத்தி எடுப்பேன். பொடிச் சில்லு அதில் ஒட்டிவிடும். அந்தத் தாளை உடனே குப்பையில் போட வேண்டும். இதை விரல் மரத்தவருக்கு நான் சொல்ல மாட்டேன். அதைவிட மெலமின் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் வாங்கிக் கொடுங்கள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா
தண்ணீர் தேங்கும் இடங்களையும் பட்டியலில் சேருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். கண் தெரிந்தால் புழு நெளிவதைப் பார்க்கலாம். அம்மாவுக்கு அது முடியாது, ஆகவே வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளட்டும், வெள்ளிக்கிழமை வீடு கழுவும் நாளே போதும். பூச்சட்டித் தட்டு, பாத்திர ரேக்கின் அடித்தட்டு, பாத்ரூம் வாளி, சாமிக்கு வைக்கும் சொம்பு. கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். உள்பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும்.

பட்டர்வொர்த்_வாத்தியார்
ஆறுபுள்ளி வீடியோ என்றாரே, அதற்கு "பி மை ஐஸ்" என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. 2015-இல் டென்மார்க்கில் தொடங்கியது. அழைத்தால் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் உங்கள் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். துணியில் கறை போயிற்றா, புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கெல்லாம் நல்லது. படம் எடுத்தால் கணினியே விவரிக்கிற வசதியும் வந்துவிட்டது, ஆனால் மருந்துப் புட்டி விஷயத்தில் அதை மட்டும் நம்ப மாட்டேன். மேசை மேல் வங்கிக் கடிதம், அடையாள அட்டை கிடந்தால் கேமரா திறப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

நேரில் கற்க: கோலாலம்பூரில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம், 1951 முதல் இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் தெபிங்கில். இங்கே பினாங்கில் செயின்ட் நிக்கலஸ் இல்லம், ஜாலான் பாகான் ஜெர்மாலில். அது 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு இங்கே வந்தது. பார்வை புதிதாக இழந்தவர்களுக்கு நடமாட்டமும் அன்றாட வேலையும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள், கைபிடித்துக் காட்டுவதை எழுத்தில் காட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூகநல இலாகாவில் பதிந்துவிடுங்கள், கண் மருத்துவர் படிவத்தில் உறுதிசெய்து கொடுப்பார்.

செந்தூல்காரன்
சங்கத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன், அண்ணனும் வரட்டும். தங்கை ரோபோ வேக்கம் வாங்கித் தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா? இன்னொன்று, எங்கள் ஃபிளாட்டில் எல்லாம் நாக்கோ ஜன்னல், கண்ணாடிப் பலகைகளை அடுக்கடுக்காகத் திறந்து மூடுவது. புகைமூட்டக் காலத்தில் கண்ணாடி ஒவ்வொன்றிலும் சாம்பல் படிகிறது. ஓரம் கூர்மையாக வேறு இருக்கும்.

ஆறுபுள்ளி
ரோபோ வாங்கலாம், ஆனால் அம்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூங்கும்போதோதான் ஓட வேண்டும். அது காலடியில் வந்தால் விழுவார். வேலை முடிந்து தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று குரலில் சொல்லும் வகையாகப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டால் தேடுவது பெரிய வேலை.

நாக்கோவுக்குக் கையில் தடித்த கையுறை, அதற்கு மேல் ஈரமான பழைய சாக்ஸ். கண்ணாடியைப் படுக்கைவாட்டில் திறந்து வைத்து, மேல் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக, கட்டைவிரல் மேலே, நான்கு விரல் கீழே, சட்டத்திலிருந்து சட்டம் வரை ஒரே இழுப்பு. ஒரு பலகை முடிந்ததும் இடது கை அதிலேயே நின்றால் எண்ணிக்கை தவறாது. எட்டுகிற உயரம் வரை அம்மா. அதற்கு மேல் உள்ளதெல்லாம் உங்கள் அண்ணனுக்கு, நாற்காலி மேல் அம்மா ஏறக் கூடாது.

கெப்போங்_குமரன்
மாமனாரிடம் கேட்டேன். பாத்திரம் கழுவ வேண்டுமாம். கத்தியை என்ன செய்வது?

ஆறுபுள்ளி
சிங்க்குக்குள் கத்தியைப் போடவே கூடாது, வீட்டில் யாரும். நுரைக்கு அடியில் கிடந்தால் கை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். சிங்க்குக்கு வலது பக்கம் உயரமான குவளை ஒன்றை வைத்து, முனை கீழே இருக்கும்படி அதில் போடச் சொல்லுங்கள். கடைசியாக ஒவ்வொன்றாக எடுத்து, பிடியிலிருந்து முனைப் பக்கமாக, முதுகுப் புறத்தில் ஸ்பாஞ்சை வைத்துத் தேய்த்து, கழுவியதும் நேராக அதன் இடத்துக்கு. ரேக்கில் காயப் போட வேண்டாம்.